ரேடியேட்டரில் மஞ்சள்

எங்கள் வீட்டில் காலையில் முதலில் தண்ணீர் குடித்தது கார்தான். மனிதர்கள் காப்பி குடித்தது அதற்குப் பிறகு. இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்கள் காரில் யாரோ பச்சையாக ஒரு திரவத்தை ஊற்றி மூடிவிடுகிறார்கள். அப்புறம் அந்த மூடியைத் திறந்து பார்க்க ஆளில்லை. உள்ளே என்ன ஓடுகிறது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். எனக்குக் கோபம் வரும். உனக்கு எதற்குத்தான் கோபம் வராது என்று என் வீட்டுக்காரர் கேட்பார், அது வேறு விஷயம்.

எழுபதுகளின் நடுவில் நான் முதலியார்பேட்டைக்கு வாழ வந்தேன். அவர் பஞ்சாலை வேலையை விட்டுவிட்டு வாடகைக் கார் ஓட்ட ஆரம்பித்திருந்த நேரம் அது. கார் ஒரு சொல்தா வீட்டிலிருந்து வாங்கியது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அந்த மனிதர் காரை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்பாராம், அதுவும் கடற்கரை வரைக்கும்தானாம். அதிகம் ஓடாத கார், புதுசு மாதிரி என்று சொல்லி விற்றார்கள். ஓடாத காருக்குள் தண்ணீர் தேங்கிக் கிடந்து துரு ஏறியிருக்கும் என்று வாங்குகிறபோது யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் மூன்று பேர். அவர், நான், அவருடைய தங்கை. பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டதால், அவளை வளர்த்தது அண்ணன்தான். நான் கல்யாணமாகி வந்தபோது அவள் பாவாடை சட்டை போட்ட சிறுமி. வந்த அன்றைக்கே என் டிரங்குப் பெட்டியைத் திறந்து, என்னென்ன புடவை கொண்டு வந்திருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நான் முறைத்தேன். அவள் சட்டை செய்யவில்லை. பச்சைப் புடவையை எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்து, இது உனக்கு நல்லா இருக்கு அண்ணி, இதையே கட்டிக்கோ என்றாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு அடிமை. தெரு முழுக்க அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடும். வயது ஏறிய பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பாப்பா இருந்ததால் அது ஒரு குறையாகவே எனக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் நம்ப வேண்டும்.

காருக்குத் தினமும் எதற்குப் படியளக்க வேண்டும் என்று வந்த புதிதில் சண்டை பிடித்தேன். அவர் பானெட்டைத் தூக்கிக் காட்டினார். எஞ்சின் என்பது உள்ளே நெருப்பு வைத்த இரும்பு. அப்படியே விட்டால் கொஞ்ச தூரத்திலேயே பழுத்து, உள்ளே ஏறி இறங்குகிறதெல்லாம் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டு நின்றுவிடும். அதனால் அந்த இரும்புக்குள்ளேயே வாய்க்கால் மாதிரி வழி விட்டிருக்கிறார்கள். தண்ணீர் அதில் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு, மேலே உள்ள ரப்பர் குழாய் வழியாகக் காரின் முகப்பில் இருக்கிற ரேடியேட்டருக்கு வரும். அதற்கு மேலே ஒரு தொட்டி, கீழே ஒரு தொட்டி, நடுவில் ஒல்லி ஒல்லியாக நிறையக் குழாய்கள். கொதிக்கிற காப்பியை நாம் எப்படி டபராவில் ஊற்றி ஆற்றுகிறோமோ, அப்படித் தண்ணீரைப் பரப்பி ஆற்றுகிற ஏற்பாடு. எதிர்க்காற்று அந்தக் குழாய்களின் இடுக்கில் புகுந்து போகும். போதாததற்குப் பின்னால் ஒரு விசிறி சுற்றிக் காற்றை இழுக்கும். ஆறி இறங்கின தண்ணீரை அடியிலிருந்து ஒரு பம்ப் மறுபடியும் எஞ்சினுக்குள் தள்ளும். அந்தப் பம்பையும் விசிறியையும் சுற்றுவது ஒரே பெல்ட். அது அறுந்தால் இரண்டும் படுத்துவிடும்.

புரிந்துவிட்டது. புரிந்த பிறகு எனக்கு அந்தக் காரின் மேல் ஒரு பரிவு வந்தது. கடலூர் சாலையில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தால் அவர் ஏன் தவிக்கிறார் என்றும் தெரிந்தது. ஓடும்போது எதிர்க்காற்று உண்டு. நின்றால் அந்த விசிறி ஒன்றுதான் கதி. கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, ரயிலைத் திட்டி, கேட் போட்டவரைத் திட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நிற்பார். தவளக்குப்பம் வரைக்கும் சவாரி என்றால் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை இந்தக் கூத்து நடக்கும்.

தெர்மோஸ்டாட் என்று ஒன்று இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மூடி வைத்திருக்கும், தேவையான சூடு வந்ததும் தானே திறந்துகொள்ளும். எங்கள் காரில் அது கிடையாது. நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று மெக்கானிக் கழற்றி வைத்துவிட்டார். டாக்சி ஸ்டாண்டில் இருந்த எந்தக் காரிலும் அது கிடையாது. வெளிநாட்டுக்காரன் ஒன்றைப் பொருத்தினால் நாம் ஒன்றைக் கழற்றாமல் விடுவோமா.

ரேடியேட்டர் மூடியும் சும்மா மூடி இல்லை. அதற்குள் ஸ்பிரிங் இருக்கிறது. குக்கருக்கு வெயிட் போடுகிற மாதிரி அது ஆவியை அமுக்கிப் பிடித்திருப்பதால்தான் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடாமல் இருக்கிறது. சூடாக இருக்கும்போது திறந்தால் முகம் வெந்துவிடும். ஆறும்வரை காத்திருக்க வேண்டும். கார் கற்றுக் கொடுத்ததில் எனக்கு ஒத்தே வராத பாடம் இந்தக் காத்திருப்புதான்.

எங்கள் வீட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர். வெந்நீர்த் தவலையின் அடியில் வெள்ளையாகப் படிந்து சுரண்டினாலும் போகாதே, அந்த உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள் படிந்தால் அவ்வளவுதான். அதனால் தெருக் குழாயில் வரும் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அதைப் பிடித்து வந்து ஊற்றுவது என் பொறுப்பு. குழாயடியில் என்னைப் பார்த்தாலே பேச்சு ஆரம்பித்துவிடும். மனுசருக்கு ஒரு குடம், காருக்கு ஒரு குடமா என்று ஒருத்தி கேட்டாள். இந்தக் கார் ஓடினால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரியும், உனக்கு வேண்டுமானால் நீயும் ஒரு கார் வாங்கிக்கொள் என்றேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னோடு யாரும் பேசவில்லை. தண்ணீர் மட்டும் குறையாமல் கிடைத்தது.

காரில் சூடு காட்டும் முள் ஒன்று இருந்தது. நாங்கள் வாங்கும்போதே அது செத்துப் போயிருந்தது. முள் செய்ய வேண்டிய வேலையைப் பாப்பாதான் செய்தாள். தண்ணீர் கொதி நிலைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே குமுறுகிற மாதிரி ஒரு சின்ன சத்தம் வரும். எனக்கு அது கேட்டதே இல்லை. பத்து வருஷம் ஓட்டிய அவருக்கும் எப்போதாவதுதான் கேட்கும். பாப்பாவுக்கு மட்டும் தவறாமல் கேட்டுவிடும். பின் சீட்டில் படுத்துத் தூங்குகிறவள் கண்ணைத் திறக்காமலே, அண்ணே சத்தம் வருது என்பாள். அவர் உடனே ஓரம் கட்டுவார். குடும்பத்தோடு போகிற பயணங்களில் ஒரு முறைகூட எங்கள் கார் பொங்கியதில்லை. அவள் இல்லாமல் சவாரிக்குப் போனால்தான் பொங்கும்.

எண்பதுகளில் அவளுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை ஒரு சொல்தாவின் மகன். பிரான்சில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கள் ஊரில் பிரான்சு மாப்பிள்ளை என்றால் ஜாதகம்கூடப் பார்க்காமல் பெண் கொடுக்க ஆள் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் அப்படிக் கொடுக்கவில்லை. அந்தப் பையனைக் காரில் ஏற்றிக்கொண்டு அரியாங்குப்பம் ஆற்றுப் பாலம் வரை போய் வந்தார். வழியில் கார் பொங்கி நின்றதாம். பையன் முகம் சுளிக்காமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீர் தேடிப் போனானாம். நல்ல பையன்தான் என்று வந்து சொன்னார். பாப்பாவும் சரி என்றாள். மேரியில் பதிவு, கோயிலில் தாலி. மேரி என்றால் எங்கள் ஊர் நகராட்சிக் கட்டடம். மாப்பிள்ளை லீவு முடிந்து திரும்பிப் போனார். அவளுக்கு அங்கே போவதற்கான விசாப் பேப்பர் வருவதற்கு வருஷம் திரும்பிவிட்டது.

அந்த ஒரு வருஷத்தில் அவள் எங்களோடு இருந்த மாதிரி அதற்கு முன்னால் எப்போதும் இருந்ததில்லை. சமையல்கட்டில் என் பின்னாலேயே சுற்றுவாள். அண்ணன் சவாரி முடித்து வரும்வரை சாப்பிடாமல் காத்திருப்பாள். போக வேண்டாம் என்று ஒரு நாளும் அவள் வாயைத் திறந்து சொன்னதில்லை. மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் அவ்வளவு தூரம் என்பது அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாசி மகத்தை ஒட்டி டிக்கெட் வந்துவிட்டது. சென்னையில் மீனம்பாக்கத்திலிருந்து மதியத்துக்கு மேல் பம்பாய் போக வேண்டும், அங்கிருந்து பிரான்சுக்கு வேறு விமானம். தன் தங்கையைத் தன் காரில்தான் கொண்டுபோய் விடுவேன் என்று அவர் நின்றார். நல்ல வண்டியாக ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஊர்ப் பெண்களையெல்லாம் கொண்டுபோய் விட்ட காரில் என் தங்கச்சி போகக்கூடாதா என்று கேட்டார். அதற்கு மேல் என்ன பேசுவது. கூட்டமாக ஏறினால் எஞ்சின் தாங்காது என்று வேறு யாரையும் வரவேண்டாம் என்றுவிட்டார். நாங்கள் மூன்று பேர் மட்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பார்த்தால், ரேடியேட்டர் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகல். ஈயம் வைத்துப் பற்றவைக்கிறவர் மகத்துக்குக் கடையை அடைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டார். இப்படிப்பட்ட நேரத்துக்கு டாக்சி ஸ்டாண்டில் ஒரு கைவைத்தியம் உண்டு. ரேடியேட்டரில் ஒரு கரண்டி மஞ்சள் தூள் போடுவார்கள். தூள் தண்ணீரோடு சுற்றிச் சுற்றி வந்து ஓட்டை இருக்கிற இடத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளும். ஒழுகல் நின்றுவிடும். ஆனால் ஒரு கரண்டிதான். மீறினால் ஓட்டையோடு சேர்த்து நல்ல குழாய்களையும் அடைத்துவிடும், தண்ணீர் சுற்ற வழியிருக்காது. இதை அவர் எங்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் சாம்பாருக்கு மஞ்சள் அளவு தெரிகிறதோ இல்லையோ, ரேடியேட்டருக்கு அளவு எல்லோருக்கும் தெரியும்.

விடியுமுன் தண்ணீர் ஊற்றப் போனேன். மஞ்சள் போட்டீர்களா என்று முந்தின இரவு கேட்டதற்கு, பாத்துக்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார். அவருக்கு இருந்த மனநிலையில் மறந்திருப்பார் என்று நானே ஒரு கரண்டி போட்டு, குடத்துத் தண்ணீரையும் ஊற்றி மூடிவிட்டேன். அரை இருட்டில் தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தது என்று யார் பார்த்தது. அதற்குப் பிறகு பெட்டி கட்டுவதும், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து அழுவதுமாகப் பொழுது போய்விட்டது. பாப்பா மட்டும் அழவில்லை. நடுவில் கொஞ்ச நேரம் ஆளைக் காணோம். காரில் ஏதோ வைக்கப் போனாள் என்றார்கள்.

திண்டிவனம் வரைக்கும் கார் சமர்த்தாக ஓடியது. அவர் நாலு தரம் இறங்கி அடியில் குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பின் சீட்டில் பாப்பா என் தோளில் சாய்ந்து, என் வளையலைத் திருகிக்கொண்டே வந்தாள். பிரான்சில் பனி கொட்டும், ஸ்வெட்டர் போடாமல் வாசலுக்கு வராதே என்று நான் ஏதோ கண்டதுபோல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் சரி அண்ணி, சரி அண்ணி என்று கேட்டுக்கொண்டாள்.

அச்சிறுபாக்கம் தாண்டியதும் முன்னால் வெள்ளையாக ஒன்றுமே தெரியவில்லை. ஆவி. அவர் ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கி எஞ்சினை அணைத்தார். அணைத்த பிறகும் உள்ளே குமுறிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் எனக்கே கேட்டது.

நான் இறங்கி அந்தக் காரைத் திட்டினேன். விற்ற சொல்தாவைத் திட்டினேன், வாங்கியவரைத் திட்டினேன். காத்திருப்பதைத் தவிர செய்வதற்கு எதுவுமில்லை. மூடியைத் திறக்க முடியாது. அவசரத்தில் பச்சைத் தண்ணீரை எஞ்சினில் ஊற்றினால், காய்ந்த இரும்பு விரிசல் விட்டு ஒரேயடியாகப் போய்விடும். வெயில் ஏற ஏற விமானம் ஒன்றுதான் என் கண்முன் நின்றது. டிக்கெட் போனால் போகட்டும், பேப்பரில் போட்ட தேதி போனால் அந்தப் பெண் இன்னும் எத்தனை மாதம் காத்திருக்க வேண்டுமோ. அவர் சாலைக்கும் காருக்கும் நடந்துகொண்டிருந்தார். பாப்பா மரத்து வேர் மேல் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த இட்லியைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தாள். எனக்கும் ஒரு வாய் ஊட்ட வந்தாள். அவள் முகத்தில் கவலை என்பதே இல்லை. காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் அப்போதுதான் தளர்ந்திருந்தது.

கை வைக்கிற அளவுக்கு ஆறியதும் அவர் நனைத்த சாக்கைப் போட்டு மூடியைத் திருகினார். உள்ளே தண்ணீரா இருந்தது, மஞ்சள் கூழ். விரலை விட்டு எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ போட்டியா?"

"ஒரே ஒரு கரண்டி. நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் நேத்து சாயங்காலமே போட்டுட்டேன்."

இரண்டு கரண்டிக்கு இவ்வளவு கெட்டியாகாது. இரண்டு பேரும் பாப்பா பக்கம் திரும்பினோம். அவள் கையில் இருந்த இட்லியைக் கீழே வைத்தாள்.

"நானும் போட்டேண்ணே. ரெண்டு பிடி."

முகத்துக்குப் பூச வைத்திருந்த மஞ்சள் டப்பாவை அப்படியே கவிழ்த்திருக்கிறாள். எதற்கு என்று அவர் கேட்டார். ஒழுகக் கூடாது என்றுதான் என்று தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்த நேரத்தில் சிரிப்புத்தான் வந்தது. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் கார் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று மஞ்சள் போட்டிருக்கிறோம். ஆளுக்கு ஆள் உப்புப் போட்ட குழம்பை யார் வாயில் வைக்க முடியும். சொல்லிச் சொல்லிச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாப்பாவும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தங்கையையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் சாலைக்குப் போய்க் கையைக் காட்ட ஆரம்பித்தார்.

லாரிகள் போயின. கடைசியில் ஒரு கார் நின்றது. வயதான கணவனும் மனைவியும், சென்னைக்குப் போகிறவர்கள். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாவே கதவைத் திறந்துவிட்டார். பெட்டியையும் எங்களையும் ஏற்றினால் அதற்கு மேல் இடமில்லை. பாப்பா ஏற மறுத்தாள். நீ வராமல் நான் போக மாட்டேன் என்று அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் பின்னாலேயே வருகிறேன், வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு வர முடியுமா என்று சொல்லி, விரல் விரலாகப் பிரித்துவிட்டார். ஆசீர்வாதம், அறிவுரை, எதுவும் சொல்லவில்லை. வழியில் தண்ணி குடி என்றார், அவ்வளவுதான். தன் காரில், தன் கையால் கொண்டுபோய் விட வேண்டும் என்று எத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், யாரோ ஒருவருடைய காரின் கதவை வெளியிலிருந்து சாத்தினார்.

நான் மறுபக்கம் ஏறப் போனபோது கூடவே வந்து தணிந்த குரலில் சொன்னார்.

"அவளுக்குச் சத்தம் கேக்காம இருக்குமா? கேட்டுகிட்டேதான் உக்காந்திருந்தா. நீ ஒண்ணும் கேக்காத. கூட்டிகிட்டுப் போயி ஏத்திவுடு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளை இறக்கி வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டேன்.

மீனம்பாக்கம் வரைக்கும் பாப்பா பின் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். அந்தக் கையில் மஞ்சள் வாசனை அடித்தது. நான் எதுவும் கேட்கவில்லை. செங்கல்பட்டு தாண்டும்போது அவளாகவே, அண்ணனுக்குக் கோபமா அண்ணி என்றாள். இல்லை என்றேன். தெரிஞ்சிடுச்சா என்றாள். தெரிந்துவிட்டது என்றேன். அப்போதுதான் அழுதாள். முன் சீட்டிலிருந்த அந்த அம்மா திரும்பிப் பார்த்து, தன் முந்தானையை எடுத்துக் கொடுப்பது போலக் கையை நீட்டினார், பிறகு திரும்பிக்கொண்டார். நான் பாப்பாவின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டேன். மாப்பிள்ளை நல்ல பையன், போய்க் கொஞ்ச நாளில் பழகிவிடும், முடியவில்லையென்றால் திரும்பி வந்துவிடு, உன் இடம் அப்படியே இருக்கும் என்றேன். அப்படிச் சொல்லக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அது தோன்றவில்லை.

உள்ளே போகிற கதவு வரைக்கும்தான் என்னை விட்டார்கள். அண்ணன் வந்துச்சின்னா நான் மேல திரும்பிப் பாப்பேன்னு சொல்லு அண்ணி என்று சொல்லிவிட்டுப் போனாள். வழியனுப்ப வந்தவர்கள் நின்று பார்ப்பதற்கு மாடியில் ஒரு இடம் இருந்தது. சீட்டு வாங்கிக்கொண்டு ஏறினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் விமானம் வெயிலில் நின்றது. இவ்வளவு பெரிய எஞ்சினை எதை ஊற்றி ஆற வைப்பார்கள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் புத்தி அப்படியா போக வேண்டும்.

கூட்டத்தில் இடித்துக்கொண்டு முன்னால் போய்க் கம்பியைப் பிடித்தேன். பக்கத்தில் இருந்த தூணுக்குப் பின்னாலிருந்து யாரோ என் புடவையை இழுத்தார்கள். அவர்.

சட்டை முழுக்க நனைந்து, முழங்கை வரை மஞ்சள். நாங்கள் போன பிறகு, பக்கத்து வயலில் ஓடிய பம்புசெட்டிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் சுமந்து வந்திருக்கிறார். அடிக் குழாயைக் கழற்றி, மேலே ஊற்ற ஊற்றக் கீழே மஞ்சளாகக் கொட்டவிட்டு, தெளிந்து வரும்வரை கழுவியிருக்கிறார். மறுபடி மாட்டி, பானெட்டைக் கயிற்றால் கட்டிக் கொஞ்சம் தூக்கினபடி காற்று புக விட்டு, வழி நெடுக நிறுத்தி ஆற வைத்து ஆற வைத்து, எப்படியோ ஓட்டி வந்துவிட்டார். இதெல்லாம் அவர் பிறகு சொன்னது. அப்போது, வந்துட்டேன் என்பதற்கு மேல் அவருக்கு மூச்சு வரவில்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். அதோ வெளியே வருகிறார்கள், முன்னால் வாருங்கள், உங்களைத்தான் தேடுவாள் என்றேன். வரிசையாக ஆட்கள் விமானத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். நடுவில் பச்சைப் புடவையில் பாப்பா. ஒரு தோளில் பை, இன்னொரு கையில் காகிதங்கள். பாதித் தூரம் போனதும் நின்று திரும்பினாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு மாடி முழுவதையும் ஒரு ஓரத்திலிருந்து தேட ஆரம்பித்தாள்.

அவர் தூணை விட்டு அசையவில்லை. என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். என்னைப் பாத்துட்டா அவ ஏற மாட்டா."

அவள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். பிறகு எனக்கு வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். ஒரு கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் அவர் தூணோடு ஒட்டி நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மட்டும் போம்மா, போம்மா என்று முணுமுணுத்தது. இல்லை என்று நான் தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பின்னால் வந்தவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். அப்புறம் திரும்பி நடந்து படியேறினாள்.

கதவை மூடி, படியைத் தள்ளிக்கொண்டு போன பிறகுதான் அவர் தூணை விட்டு வெளியே வந்தார். கம்பிக்கு மேல் எக்கி நின்று கையைத் தூக்கினார். விமானம் நகர்ந்து, திரும்பி, கண்ணில் படாமல் போகும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தார்.